காணாக்கடி

என்னைக் கொன்ற ஆட்டை, அது என்னைக் கொல்வதற்கு நாலைந்து மணி நேரம் முன்னாலேயே நான் தின்று முடித்து, கையலம்பி, பல்லும் குத்திவிட்டேன். ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை. முதல் தடவை செத்தபோது கை தட்டினார்கள். இரண்டாம் தடவை செத்தபோது மேல்மலைப் போளூரில் பாதி ஊர் கூடி, என்னைக் கொன்றது யார் என்று சண்டை போட்டது. நம்ப முடியவில்லையா? பரவாயில்லை. மரியஅந்தோணி சொன்னதை நம்பினான் என்ற கெட்ட பெயர் கொடைக்கானல் மலையில் இதுவரை யாருக்கும் வந்ததில்லை.

வனத்துறையில் முப்பத்துநாலு வருஷம் கார்டாக இருந்து, நாலு வருஷத்துக்கு முன் ரிட்டயரானவன் நான். வீடு அட்டுவம்பட்டியில். ஓட்டத்தில் சிறுத்தையை முந்தியது, பேரிஜம் ரோட்டில் காட்டுமாடு ஒன்று ஒதுங்கி நின்று எனக்கு "போங்க சார்" என்று தலையாட்டியது எல்லாம் என் சர்வீஸில் நடந்தவை. என்னைக் கடித்த உண்ணிகளை மட்டும் வரிசையாக நிறுத்தினால் வத்தலக்குண்டு வரை போகும். இந்த உண்ணிக் கணக்கை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மற்றதைக் காற்றில் விட்டாலும் பாதகமில்லை.

போன ஐப்பசியில் ஒரு ஞாயிறு சாயங்காலம் என் உள்ளங்கை அரித்தது. அரை மணி நேரத்தில் முதுகு முழுக்கத் தடிப்பு. ஒவ்வொன்றும் கல்யாண வீட்டு அப்பளம் அளவு. என் மனைவி புஷ்பமேரி என்னைப் பொன்னுச்சாமி வீட்டுக்கு அனுப்பினாள்.

பொன்னுச்சாமி கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில் ஒரு டாக்டரிடம் நாற்பது வருஷம் கம்பவுண்டராக இருந்தவன். டாக்டர் காலமான பிறகும் அவன் வீட்டு வாசலில் கூட்டம் குறையவில்லை. மேல்மலை ஊர்களில் பொன்னுச்சாமியைக் கேட்காமல் யாரும் தும்மக்கூட மாட்டார்கள். நான் பொய் சொல்வதற்குப் பேர்போனவன் என்றால், அவன் அதைக் கண்டுபிடிப்பதற்குப் பேர்போனவன். அப்படித்தான் நாங்கள் சிநேகிதர்கள்.

முதுகைப் பார்த்துவிட்டு, "காணாக்கடிலே," என்றான். "கண்ணுக்குத் தெரியாம என்னமோ கடிச்சிருக்கு. இந்தா, மாத்திரையைப் போட்டுட்டுப் போய்ப் படு."

எங்கள் பக்கத்தில் உடம்பு திடீரென்று தடித்தால் அதற்கு அதுதான் பெயர். சிலர் மாத்திரை போடுவார்கள், சிலர் வேப்பிலை அடித்துத் திருநீறு போடுவார்கள். கடித்தது எது என்று மட்டும் யாரும் தேட மாட்டார்கள். அதுதான் காணாததாயிற்றே!

அதற்குப் பிறகு ஏழெட்டு ஞாயிற்றுக்கிழமை அதே கதை. ஒவ்வொரு தடவையும் முந்தினதைவிட அதிகம். ஒரு தடவை உதடு வீங்கி, கண்ணாடியில் என்னைப் பார்த்து நானே "யாருங்க வேணும்?" என்று கேட்டேன். அப்புறம் சாம்பல் புதன் வந்தது, தவக்காலம் தொடங்கியது, தடிப்பு நின்றது. நாற்பது நாளும் ஒரு கொசுக்கடி அளவுகூட இல்லை. வேளாங்கண்ணி மாதா இறங்கிவிட்டாள் என்று புஷ்பமேரி அழுதாள். மாதா கொடுத்த சுகத்தைக் கொண்டாட, ஈஸ்டர் அன்று நல்ல கொழுப்புக் கறியாகப் பார்த்து வாங்கி வந்து பிரியாணி போட்டாள். நான் மூன்று தட்டு தின்றேன்.

சாயங்காலம் ஐந்தரைக்குக் கோயில் வளாகத்தில் நாலு பேரை வைத்துச் சிறுத்தைக் கதை சொல்லிக்கொண்டிருந்தேன். சிறுத்தை என் மேல் பாயும் கட்டத்தில் தொண்டை அடைத்தது, கண் இருட்டியது, அப்படியே விழுந்தேன். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் கை தட்டினார்கள். நடிப்பு அவ்வளவு தத்ரூபம்! நான் மூச்சுக்குத் தவித்துத் தரையைப் பிறாண்டப் பிறாண்ட ஒருவன் விசிலடித்தான். புஷ்பமேரி ஓடி வந்து என் உதட்டு நிறத்தைப் பார்த்து அலறிய பிறகுதான் தூக்கினார்கள். ஆஸ்பத்திரி பக்கத்திலேயே இருந்ததால் தொடையில் ஒரு ஊசியோடு திரும்பி வந்தேன். இது முதல் சாவு.

அங்கிருந்து மதுரைக்கு, அலர்ஜி டாக்டர் தேவசேனாவிடம் அனுப்பினார்கள்.

"இந்த நோயைக் கண்டுபிடிக்கிற மெஷின் என்கிட்ட கிடையாதுங்க ஐயா," என்றார் டாக்டர். "என்ன சாப்பிட்டீங்க, எப்ப சாப்பிட்டீங்க, எப்ப அரிச்சுதுன்னு நீங்க சொல்றதுதான் முதல் டெஸ்ட்."

புஷ்பமேரி நெற்றியில் கை வைத்தாள். "அப்ப இவரு பொழைக்க மாட்டாருங்க டாக்டர்."

விஷயம் புரிந்த டாக்டர், என்னைத் தலையை மட்டும் ஆட்டச் சொல்லிவிட்டு அவளிடமே கேட்டார். எந்தெந்த ஞாயிறு என்று புஷ்பமேரி பூசைக் காலண்டரைப் போல ஒப்பித்தாள்.

"ஞாயித்துக்கிழமை என்ன சமையல்?"

"பூசை முடிஞ்சு வந்து ஆட்டுக்கறிதாங்க. ஒரு மணிக்குச் சாப்பாடு."

"அரிப்பு?"

"அஞ்சரை, ஆறுக்கு."

"நடுவுல நாப்பது நாள் வரலைன்னீங்களே?"

"அது தவக்காலம்ங்க. மாதா புண்ணியம்."

"அப்ப கறி சாப்பிட்டாரா?"

"தவக்காலத்துல ஏதுங்க கறி?" என்ற புஷ்பமேரி, சொன்ன வாயைத் தானே பொத்திக்கொண்டாள்.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "உங்க ஊர்ல இதுக்கு என்னன்னு பேர் சொல்வாங்க?"

"காணாக்கடிங்க."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "உண்ணி கடிக்குமா உங்களை?"

நான் வத்தலக்குண்டு கணக்கைச் சொன்னேன். "உங்க பேச்சுல இதை மட்டும் நான் நம்புறேன்," என்றார்.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். சில உண்ணிகளின் எச்சிலில் ஒரு தினுசான சர்க்கரை உண்டு. ஆடு, மாடு, பன்றி, மான் இறைச்சியிலும் அதே சர்க்கரை உண்டு. எள்ளில் பாதி இருக்கிற உண்ணிக் குஞ்சு கடித்து அந்தச் சர்க்கரையை உடம்பில் இறக்கினால், சிலருடைய ரத்தம் அதை எதிரி என்று குறித்துவைத்துக்கொள்ளும். அப்புறம் கறி தின்றால் கொழுப்போடு அந்தச் சர்க்கரை மெல்ல மெல்லச் செரித்து ரத்தத்துக்கு வர நாலைந்து மணி நேரம். வந்ததும் உள்ளே வெட்டுக்குத்து. கடித்தது என்றைக்கோ, தின்றது மத்தியானம், விழுவது சாயங்காலம். யார் இதை முடிச்சுப் போட்டுப் பார்ப்பார்கள்?

"பேர் வச்சவங்க சரியாத்தான் வச்சிருக்காங்க," என்றார் டாக்டர். "கடி நிஜம். கண்ணுல படலை, அவ்வளவுதான்."

ரத்தம் எங்கோ வெளியூர் லேபுக்குப் போய் மூன்று வாரத்தில் பதில் வந்தது. அதுவேதான். இனி நாலு கால் கூடாது. கோழி, மீன் ஆகும். "கட்டிலுக்கும் நாலு கால்தானே டாக்டர், படுக்கலாமா?" என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. புல்லில் நடப்பதை நிறுத்தச் சொன்னார். இன்னும் கடி வாங்கினால் இன்னும் மோசமாகும் என்றார். அட்ரினலின் மருந்துக் குப்பி இரண்டு, சிரிஞ்சு இரண்டு எப்போதும் கூடவே இருக்க வேண்டும் என்று சொல்லி, எவ்வளவு ஏற்றுவது என்று எழுதிக் கொடுத்தார். மூச்சு முட்டினால், தலை சுற்றினால், மாத்திரையைத் தேடி நேரத்தை வீணாக்காமல் தொடையில் போட வேண்டும். புஷ்பமேரி மலைவாழைப்பழத்தில் குத்திப் பழகினாள். அவள் குத்திய வேகம் எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

பஸ்ஸில் மலை ஏறும்போதுதான் எனக்குச் சின்னக்கருப்பன் ஞாபகம் வந்தான்.

இதில் நான் ஒன்றும் கூட்டப்போவதில்லை. கருப்பன் போளூர்க்காரன், காட்டில் வாட்சர், இருபது வருஷம் என் கூட நடந்தவன். என்னைக் கடித்த உண்ணியெல்லாம் அவனையும் கடித்தது. அவனுக்கும் இந்தக் காணாக்கடி அடிக்கடி வரும், வேப்பிலை அடிப்பார்கள், போய்விடும். மூன்று வருஷத்துக்கு முன், ஆடியில், அவர்கள் கோயிலில் கிடா வெட்டினார்கள். சமைத்தது அவன் மனைவி சண்முகசுந்தரி. அந்த ஊரில் எந்த விசேஷத்துக்கும் கரண்டி பிடிப்பவள் அவள்தான். கருப்பன் பதினொரு மணிக்கே சாப்பிட்டுவிட்டு, டியூட்டிக்கு நேரமாகிறது என்று ஜீப் பிடித்துக் கொடைக்கானல் வந்தான். மூன்றரைக்கு உடம்பெல்லாம் தடித்துப் பொன்னுச்சாமி வீட்டுக்குப் போனான். "காணாக்கடிதாம்ப்பா, மாத்திரையைப் போட்டுட்டுப் போய்ப் படு." போய்ப் படுத்தான். ஆறு மணிக்கு வாட்சர் ஷெட்டில் பார்த்தபோது விறைத்திருந்தான்.

மாரடைப்பு என்று எழுதினார்கள். நான்தான் ஜீப்பில் வைத்துப் போளூருக்குக் கொண்டுபோனேன். வீங்கிய முகத்தையும் கறுத்த உதட்டையும் ஊர் பார்த்தது. கருப்பனின் தம்பி ராஜமுருகன் கத்தினான்: "மருந்து வச்சுட்டாடா! எங்க அண்ணனுக்குச் சோத்துல மருந்து வச்சுட்டா!"

புருஷனுக்கு இடுமருந்து வைத்தவள் என்று ஒருத்திக்குப் பெயர் வந்துவிட்டால் அதைக் கழுவ இந்த மலையில் தண்ணீர் கிடையாது. அன்றிலிருந்து அவள் கைப்பட்டதை யாரும் தின்பதில்லை. அவள் வீட்டுத் தண்ணீரைக்கூடக் குடிப்பதில்லை. பூண்டு உரிக்கப் போனால், அவள் உரித்ததை வேறு சாக்கில் போடுகிறார்கள். நானும் அன்றைக்கு அங்கேதான் நின்றேன். அவளுக்காக ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் ஆயுசில் நான் வாயை மூடிக்கொண்டிருந்த ஒரே நாள் அதுதான்.

நேராகப் பொன்னுச்சாமியிடம் போய் லேப் காகிதத்தை நீட்டினேன்.

"உண்ணி கடிச்சா ஆட்டுக்கறி ஆகாதா?" வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "ஏலே, அலர்ஜின்னா தின்ன கையோட வரணும். அஞ்சு மணி நேரம் லேட்டா வர்றதுக்கு அது என்ன போளூர் பஸ்ஸா?"

"டாக்டரே சொல்றாங்கடா."

"உன் வாயைக் கேட்டுத்தானே சொன்னாங்க! இனி காட்டுமாடுக்கும் சாட்சிக்கு லேப் காகிதம் வாங்குவ."

"பொன்னு, கருப்பனுக்கும் இதுதான்டா."

சிரிப்பு நின்றது. காகிதத்தை மடித்து என் சட்டைப் பையில் திணித்தான். "உன் புளுகுக்குச் செத்தவனை இழுக்காத."

"நீ சொன்னா போளூர் கேக்கும். அந்தப் பொம்பளை மருந்து வைக்கலைன்னு ஒரு வார்த்தை வந்து சொல்லு."

"பொய்ச் சாட்சிக்கு வேற ஆளைப் பாரு," என்று கதவைச் சாத்தினான்.

ஒரு மாதம் விடாமல் போனேன். கடைசியில் ஒரு வழி சொன்னேன். ஆடியில் கருப்பனுக்குத் திதி வருகிறது. அன்றைக்கு ஊர் பார்க்க அவள் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து அவள் கையால் சாப்பிட்டு, உயிரோடு எழுந்து வருவேன். நீ கூட இருந்தால் போதும், பேசக்கூட வேண்டாம். "சரி, வர்றேன்," என்றான். அப்போதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். "ஆனா அவ சோத்தை நான் திங்க மாட்டேன். காளான் பெரட்டல் செஞ்சு எடுத்துட்டு வர்றேன். உனக்கும் சேத்துத்தான்."

போளூருக்குப் போய்ச் சேரும்போது மஞ்சு இறங்கிப் பூண்டுத் தோட்டமெல்லாம் மறைந்திருந்தது. சண்முகசுந்தரி வீட்டில் மூன்று வருஷமாக விருந்தாளி வந்ததில்லை. எங்களைப் பார்த்ததும் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் முந்தானையைப் பிசைந்தாள்.

"நெசமாவே சாப்பிடுவீங்களா கார்டண்ணே?"

"சட்டியைக் கவுக்கிற வரைக்கும் சாப்பிடுவேன் தாயி."

முற்றத்தில் இலை போட்டாள். சோறு, கீரை, மிளகு ரசம். எதிர்வீடுகளில் ஆட்கள் வாசலுக்கு வந்து நின்றார்கள். ராஜமுருகன் திண்டுக்கல் பூட்டுப் போல முகத்தை வைத்துக்கொண்டு நின்றான். நான் ரசத்தைக் கையில் வாங்கிக் குடித்தேன், ஊருக்குக் கேட்கிற மாதிரி. பொன்னுச்சாமி தன் தூக்குவாளியைத் திறந்து எனக்குக் காளானை அள்ளி வைத்தான். மலைப்பூண்டும் மிளகும் தூக்கலாகப் போட்டு, அப்படி ஒரு ருசி. செத்துப்போன என் நாக்குக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது. இரண்டாம் தடவை கேட்டு வாங்கினேன். மணி பன்னிரண்டரை.

சாப்பிட்டு முடித்து வெளியே உட்கார்ந்தோம். நான் உயிரோடு இருப்பதை ஊர் பார்க்க வேண்டும் அல்லவா? ஒரு கிழவி வந்து என் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, சுந்தரியிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போனாள். மூன்று வருஷத்தில் அவளிடம் பேசிய முதல் வார்த்தை. "மழை வரும் போல" என்றுதான் சொன்னாள். சுந்தரி உள்ளே போய் அழுதுவிட்டு வந்தாள்.

மூன்றரை மணிக்குப் பொன்னுச்சாமி வாட்சைப் பார்த்தான். அவன் முகத்தில் எனக்குத் தெரிந்த ஒரு சிரிப்பு முளைத்தது. பொய்யைப் பிடித்துவிட்டால் வருகிற சிரிப்பு.

"மூணு மணி நேரமாச்சுலே. அரிக்குதா?"

"எதுக்கு அரிக்கணும்?"

"நீ தின்னியே காளான், அதைக் கிடாக் கொழுப்புல வதக்கியிருக்கேன். ஈரலை மைய அரைச்சு மசாலாவோட விட்டிருக்கேன். ரெண்டாந்தரம் கேட்டு வாங்கித் தின்ன பாரு!" தொடையைத் தட்டிச் சிரித்தான். "அந்தோணி, உனக்கு வியாதி வயித்துல இல்ல, வாயில. இப்ப ஒத்துக்கோ. செத்தவனை இனி இழுக்காத."

நான் அவனைத் திட்டவில்லை. திட்டுவதற்கு நேரமில்லை. எழுந்து ரோட்டைப் பார்த்தேன். மஞ்சைத் தவிர ஒன்றுமில்லை. எங்களைக் கொண்டுவந்த ஜீப் போய்விட்டது, பஸ் ஐந்தரைக்கு. கொடைக்கானல் ஆஸ்பத்திரி இரண்டு மணி நேர வழி.

"பொன்னு," என்றேன், "எனக்கு நாலு மணி நேரம் ஆகும்டா."

"ஆகட்டும், பாப்போம்."

"எங்க உக்காந்திருக்கோம் பாத்தியா?"

அவன் திரும்பிப் பார்த்தான். பின்னால் சுந்தரியின் வீடு. முற்றத்து ஓரத்தில் நான் சாப்பிட்ட எச்சில் இலை. எதிரே ஊர். அவனுக்குச் சிரிப்பு குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. "ஒண்ணும் ஆகாதுலே," என்றான். யாருக்குச் சொன்னான் என்று தெரியவில்லை.

சுந்தரியைக் கூப்பிட்டு என் பையைக் கொண்டுவரச் சொன்னேன். உள்ளே புஷ்பமேரி பின்னிய கம்பளிச் சாக்ஸில் இரண்டு குப்பியும் இரண்டு சிரிஞ்சும், டாக்டர் எழுதிய சீட்டும் இருந்தன. மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எத்தனையோ தடவை செத்த கதையைச் சொல்லியிருக்கிறேன். சாவு எத்தனை மணிக்கு வரும் என்று தெரிந்து, அதற்காக வாசலில் உட்கார்ந்திருந்தது அன்றைக்குத்தான். ஆசைக்கு ஒரு பொய்கூட வாயில் வரவில்லை.

நாலே முக்காலுக்கு உள்ளங்கை அரித்தது.

கையைத் திருப்பிப் பொன்னுச்சாமியிடம் காட்டினேன். சிவந்திருந்தது. அப்புறம் உள்ளங்கால், காது, கழுத்து. வயிற்றைக் கயிறு போட்டு முறுக்கியது. சட்டையைத் தூக்கினேன், தடிப்புகள் கண் முன்னே ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டிருந்தன. பொன்னுச்சாமி எழுந்துவிட்டான். நாற்பது வருஷம் நோயாளிகளைப் பார்த்தவன், என் முதுகைப் பாம்பைப் பார்ப்பது போலப் பார்த்தான். "ஊசி," என்றேன். குரல் கீச்சென்று வந்தது. அடுத்த வார்த்தை வரவே இல்லை. தொண்டை ஒரு சீரகம் போகிற அளவுக்குச் சுருங்கிவிட்டது.

அவன் கை தன்னால் தன் சட்டைப் பைக்குள் போனது. மாத்திரை அட்டையை எடுத்தான். "இதப் போட்டுக்க, சரியாயிரும், போட்டுட்டுப் படு..."

சண்முகசுந்தரி அந்தக் கையைத் தட்டிவிட்டாள். அட்டை சாணியில் போய் விழுந்தது.

"இதே அட்டைதான்," என்றாள். கத்தவில்லை. "அவரு சட்டைப் பையில இதேதான் கெடந்துச்சு. ரெண்டு மாத்திரை எடுத்திருந்துச்சு, மீதி இருந்துச்சு. கம்பவுண்டர் ஐயா குடுத்திருக்காரு, சரியாயிரும்னு போன்ல சொன்னாரு. ஊசியப் போடுங்கய்யா. வெரசாப் போடுங்க!"

நான் சாய்ந்துவிட்டேன். கண் இருட்டினாலும் காது கேட்டது. கண்ணாடிக் குப்பியின் கழுத்து உடையும் சத்தம். "கை நடுங்குதே... ஐயோ, கை நடுங்குதே," என்று பொன்னுச்சாமி. "நான் புடிக்கிறேன்," என்று சுந்தரி. அவன் மணிக்கட்டை அவள் பிடித்துக்கொள்ள, வேட்டியோடு சேர்த்து என் தொடையில் இறக்கினான். என் காலைத் தூக்கிப் பூண்டு மூட்டை மேல் வைத்தார்கள். பூண்டு வாசம் எனக்குப் பிடிக்கும். சாகும்போது இது வாசனையாக இருந்தால் சரி என்று நினைத்தேன். அதற்கு மேல் கொஞ்ச நேரம் ஒன்றும் தெரியாது.

தெரிய ஆரம்பித்தபோது இதயம் டிராக்டர் மாதிரி அடித்துக்கொண்டிருந்தது, முற்றம் முழுக்க ஆள். ராஜமுருகன் குரல்தான் முதலில் கேட்டது.

"நான் அன்னைக்கே சொன்னேன்ல! அதே மாதிரி மூஞ்சி, அதே மாதிரி வீக்கம்! எங்க அண்ணனைத் தின்னா, இப்ப கார்டையும் தின்னுட்டா. இலையில மருந்து வச்சிருக்கா, பாருங்க!" யாரோ எச்சில் இலையைக் குச்சியால் கிளறினார்கள். ரசச் சட்டியைத் தூக்கி எறிந்தார்கள். மத்தியானம் "மழை வரும் போல" என்ற கிழவி மண்ணை வாரித் தூற்றிக்கொண்டிருந்தாள். இரண்டு பேர் சுந்தரியின் முடியைப் பிடித்து இழுத்தார்கள். அவள் என் காலை விடவில்லை. மூட்டை சரியாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே, அடியையும் வாங்கிக்கொண்டிருந்தாள்.

நான் வாயைத் திறந்தேன். நாக்கு தடித்து, காற்றுதான் வந்தது. மலையிலேயே பெரிய வாய், அன்றைக்கு ஒரு எழுத்துக்குக்கூட உதவவில்லை. வந்திருந்தாலும் யார் நம்பியிருப்பார்கள்?

பொன்னுச்சாமி என் பக்கத்தில் மண்டியிட்டிருந்தான். இரண்டாவது குப்பியை உடைத்துத் தயாராக வைத்துக்கொண்டு, என் நாடியைப் பிடித்திருந்தான். அவன் சும்மா இருந்திருக்கலாம். அவன் சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. கருப்பன் கதையும் அந்த முற்றத்திலேயே இன்னொரு தடவை புதைந்திருக்கும். அவன் விரல் என் மணிக்கட்டை விடவில்லை. நாடி எண்ணுகிறான் என்று நினைத்தேன். எண்ணவில்லை.

"அவளை விடுங்கடா," என்றான்.

யாரும் விடவில்லை. அவன் எழுந்து நின்றான். தூக்குவாளியை எடுத்து, மிச்சமிருந்த காளானை எல்லோரும் பார்க்கத் தரையில் கவிழ்த்தான். குளிரில் கொழுப்பு வெள்ளையாக உறைந்திருந்தது.

"இத வச்சது நான். இவனுக்கு ஆட்டுக்கறி ஆகாதுன்னான். பொய்யின்னு நெனச்சு, தெரியாமப் போட்டுப் பாத்தேன். அவ சோத்துல ஒண்ணுமில்ல. இன்னைக்கும் இல்ல, அன்னைக்கும் இல்ல."

"அப்ப எங்க அண்ணன்?" என்றான் ராஜமுருகன்.

பொன்னுச்சாமி சாணியில் கிடந்த மாத்திரை அட்டையைப் பார்த்தான். குனிந்து எடுத்து, வேட்டியில் துடைத்து, ராஜமுருகன் கையில் கொடுத்தான்.

"உங்க அண்ணன் இதே மாதிரி தடிச்சு வந்து என் வாசல்ல நின்னான். மூச்சு முட்டுதுங்கய்யான்னு சொன்னான். நான் இதக் குடுத்துப் போய்ப் படுன்னேன்." அப்புறம் என் பக்கம் திரும்பினான். நாற்பது வருஷ சிநேகிதத்தில் ஒரு தடவைகூட என்னிடம் தோற்காதவன். "அந்தோணி சொன்னது நெசம்ப்பா. நடந்துச்சு. அன்னைக்கும் நடந்துச்சு, இன்னைக்கும் நடந்துச்சு. ரெண்டு தடவையும் நான் பக்கத்துல இருந்தேன்."